ஈயக் குண்டுகளை இளைக்க வைத்த கதை

அன்புள்ள அப்பா,

அமெரிக்காவின் இடாகோ மாநில மக்களுக்கும் நம் வீட்டு நாய்க்கும் முக்கிய அறிவிப்பு: உங்கள் ஈயக் குண்டுப் பட்டறைக்கு இன்று முதல் நானே தலைமைப் பொறியாளர்.

நீங்கள் வார்த்து வைத்த குண்டுகள் உங்கள் துப்பாக்கிக்குச் சரியான அளவு. என்னுடையதற்குக் கொஞ்சம் பருமன். அதனால் ஒவ்வொன்றையும் சின்ன அச்சுக்குள் நெம்புகோலால் அழுத்தி, நூறு பேரை இளைக்க வைத்துவிட்டேன். அம்மாவின் முட்டைக்கோஸ் சூப் மூன்று மாதமாக முயன்றும் இந்த வீட்டில் ஒருவரும் இளைக்கவில்லை.

எங்களை விட்டு நகரத்து அறைக்குத் தனியாகக் குடிபோகும்போது உடுப்பையும் காபிக் கோப்பையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அழுத்தும் கருவியை மேசையிலேயே எனக்கு விட்டுப்போனீர்களே, அதற்கு நன்றி. மெழுகு டப்பாவின் மூடியில், "முதல்ல மெழுகு தடவுடா, அவசரக்குடுக்கை" என்று எழுதி வைத்ததற்கு அதைவிடப் பெரிய நன்றி.

அதைக் கொஞ்சம் முன்னாடியே படித்திருக்கலாம்.

நூறு என்றது பொய், அப்பா. ஒன்றுகூட இளைக்கவில்லை. முதல் குண்டையே மெழுகில்லாமல் அழுத்தினேன். அச்சுக்குள் பாதியில் சிக்கிக்கொண்டது. தட்டி எடுக்கப் போனேன், அம்மா சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உடைச்சுத் தொலைக்காத. உங்கப்பாவே வந்து எடுக்கட்டும்" என்றாள். கொஞ்சம் கழித்து, "சனிக்கிழமை மத்தியானமா வரச்சொல்லு. சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றாள்.

சுத்தியலை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான்தான் இன்னும் அதைத் தொடவில்லை; சனிக்கிழமை நீங்கள் வரும்வரை தொடுவதாகவும் இல்லை.

இப்படிக்கு,
பதவி இழந்த பொறியாளர்