ருசி பார்க்காத வைன்

உனக்கு,

நீ மெல்பர்ன் போன பிறகு ஈப்போ உணவகத்தில் எனக்குப் புது வேலை. சாப்பாட்டுக்கு முன்னால் வைக்கும் ஆலிவ் காய்களுக்கு எந்த இத்தாலிய வைன் பொருந்தும் என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பச்சை ஆலிவுக்கு நுரைக்கும் புரோசெக்கோ. நாக்கில் இருக்கும் உப்பை அது கழுவிவிடும். கறுப்புக்கு இலேசான சிவப்பு வைன், கியாந்தி. துவர்ப்பு அதிகமான சிவப்பு வைனை உப்போடு கொடுத்தால் வாய் கசந்துவிடும். எல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதுதான். புரட்டாசி என்பதால் நான் மதுவைத் தொடுவதில்லை. ஆலிவை மட்டும் சாப்பிடுகிறேன்.

சமையலறையில் இருக்கும் குமுதா அக்கா விடவில்லை.

"குடிக்காமலே பொருத்தம் பாக்குறியா தம்பி? பொண்ணப் பாக்காம தாலி கட்டுற மாதிரி இருக்கு லா."

"அடுத்த மாசம் குடிச்சுப் பாக்குறேங்க்கா."

"போன புரட்டாசியில கோழி தின்ன. இந்த வருசம் யாருக்காக விரதம்?"

நான் கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அரிசி எவ்வளவு குறைத்துப் போட்டாலும் சோறு மிஞ்சுகிறது. அங்கே மருத்துவமனையில் உன்னை நிரந்தரமாக்குகிறார்கள் என்று உன் தம்பி சொன்னான். இருப்பதா, திரும்புவதா என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லையாம். நல்ல வேலைதான். குளிர் குறைந்துவிட்டதா?

சனிக்கிழமையோடு விரதம் முடிகிறது. வருவதாக இருந்தால் இன்றே சொல். வரப்போவதில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை சொன்னால் போதும்.

செமோர் வீட்டிலிருந்து,
உன் கணவன்