அப்துல் பாரி, மரைக்காயரின் மகன் அல்லர் என்று எழுதித் தரக் கோரி

அனுப்புநர்:
வா. ஃபக்ருன்னிசா,
தையற்கடை, பசுந்தாங், யாங்கோன்.

பெறுநர்:
உயர்திரு ஊ தங்கவேலு அவர்கள்,
பழைய குடிக்கணக்குப் பிரிவு அலுவலர், யாங்கோன்.

பொருள்: 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் எங்கள் குடும்பப் பெயர் மாறிப் பதிவானது – சான்று நகல் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பர்மிய மொழியில் எழுதிய மனுவும் இத்துடன் உள்ளது. ஆனால் எனக்கு வாயார நன்றி சொல்லத் தமிழ்தான் வரும். தாங்கள் தாயாரிடம் தமிழ் படித்தவர் என்பதால் துணிந்தேன்.

2. என் வாப்பா வாஜித் சிறுபிள்ளையாக இருந்தபோதே, வாய் பேச இயலாத அவருடைய தந்தை அப்துல் பாரி போர்க்காலத்தில் மவுத்தானார். அவர் விட்டுச்சென்ற பழைய குடிக்கணக்குச் சீட்டில் 'அப்துல் பாரி மரைக்காயர்' என்றிருந்தது. அதை நம்பி, இங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த முத்து முகம்மது மரைக்காயரின் பேரர்களுக்குக் கீழக்கரைக்கு உறவு சொல்லி எழுதினோம். அப்படியொரு மகன் தங்கள் பாட்டனாருக்கு இல்லை, சொத்தில் பங்கும் இல்லை என்று வக்கீல் மூலம் பதில் வந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாப்பாவோ வெட்கத்தில் சாப்பாட்டையே குறைத்துவிட்டார்.

3. தாங்கள்தான் 1931ஆம் ஆண்டுக் கணக்கைத் தேடி எடுத்து, நாற்பது வயது மரைக்காயருக்கு முப்பத்தெட்டு வயதில் மகன் எப்படி என்று கேட்டுச் சிரித்தீர்கள். ஓரத்தில், 'எல்லோரும் ஒரே தட்டில் உண்பவர்கள். வீட்டுத்தலைவர் அனைவரையும் தம் பிள்ளைகள் என்கிறார்' என்று கணக்கெடுத்தவர் எழுதியிருந்தார். எங்களவர் நாலைந்து பேராகச் சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பது வழக்கம். மாடியில் தங்கியிருந்த அப்துல் பாரி முதலிய கடை ஆட்களோடு மரைக்காயரும் அப்படியே உண்டிருக்கிறார். ஒரு சஹனில் உண்பவரை வேறு வீட்டார் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை போலும். திருத்திச் சொல்ல அப்துல் பாரிக்கோ பேச்சில்லை.

4. அத்தோடு விடாமல் 1921ஆம் ஆண்டுக் கணக்கையும் தூசு தட்டினீர்கள். க்யிம்யிண்டைங் படகுத்துறை வீடொன்றில், 'பர்கத்துல்லா ராவுத்தர் மகன் அப்துல் பாரி, பேசாதவர்' என்ற வரியைக் காட்டினீர்கள். வயதும் பிறந்த ஊரும் பொருந்தின. அன்றிரவு வாப்பா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார். அந்த நன்றியை எப்படித் தீர்ப்பேன் என்று தெரியவில்லை.

5. ஒரே ஒரு குறை பாக்கி. கீழக்கரையில் இன்னும் எங்களைப் பங்கு கேட்பவர்களாகவே நினைத்திருக்கிறார்கள். வாப்பா சொல்வது இதுதான்: "சொத்து கேட்டு வரலேன்னு அவங்களுக்குத் தெரியணும் மகளே. அவங்க பாட்டனார் எங்கத்தாவைப் பிள்ளைன்னு சொன்னாரே, அதுக்கு சலாம் சொல்லித்தான் இனி எழுதணும்."

6. ஆகவே, 'அப்துல் பாரி, மரைக்காயரின் மகன் அல்லர். பர்கத்துல்லா ராவுத்தரின் மகன். மரைக்காயருடன் ஒரே சஹனில் உண்டவர்' என்று குறித்து, முத்திரையிட்ட நகல் ஒன்று தந்தருள வேண்டுகிறேன். வாரிசு என்று நிறுவ வருவோரையே தாங்கள் பார்த்திருப்பீர்கள். வாரிசில்லை என்று எழுதித் தரக் கேட்டு நாங்கள் நிற்கிறோம். வாப்பாவின் உடல்நிலை கருதி விரைந்து அருள்க.

இடம்: யாங்கோன்
நாள்: 14.2.2003

தங்கள் உதவியை மறவாத,
வா. ஃபக்ருன்னிசா

உடன் ஒப்பமிடுபவர்:
வாஜித் ராவுத்தர்
(இந்தப் பெயரில் வாப்பா இடும் முதல் கையொப்பம் இது.)