காதில் போடாத செய்தி

அன்புள்ள ஜூமகதிருக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. என் மகன் எசென் போய்விட்டான். நேற்று மத்தியானம் கணவாயின் தெற்குச் சரிவில் பனி அடியோடு பெயர்ந்து வந்தது.

குழி தோண்டிப் பனியின் அடுக்குகளைப் பார்த்துப் பாதையைத் திறக்கலாமா என்று சொல்வதுதான் அவன் வேலை என்று உனக்குத் தெரியும். காலையில் தோண்டிப் பார்த்திருக்கிறான். இரவுக் குளிரில் மேல்பனி பாறையாக இறுகியிருந்தது. குட்டி போடுகிற ஆடுகளோடு மேய்ப்பர்கள் காத்து நின்றார்கள். "வெயில் ஏறிடுச்சுடா, அடியில தண்ணி இறங்கியிருக்கும், போகாதே" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "காலையிலயே பார்த்தாச்சுப்பா, சும்மா புலம்பாதே" என்று சிரித்துவிட்டு, மந்தைக்கு முன்னால் வழி பார்க்கத் தனியாக இறங்கினான். கழுதை! சொன்ன பேச்சை என்றைக்குக் கேட்டான்? ஆடுகள் பிழைத்தன. அவன் உடம்பு பனி கரைந்தால்தான் கிடைக்குமாம்.

தூரத்தில் இருப்பவர் காதில் சாவைக் கடிதத்திலோ தந்தியிலோ போடுவது நம் வழக்கமில்லை. வரவழைத்து, பெரியவர்கள் சூழ உட்கார்ந்து, கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். எசெனின் பெண்டாட்டி சாய்ரா உங்கள் தாஷ்கண்ட் நெசவாலையில்தான் இருக்கிறாள். எனக்கு உடம்பு முடியவில்லை என்று அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கூட்டி வா. பெண்கள் அவள் தலையில் விதவையின் கறுப்புத் துணி கட்டுவது நம் வாசலில்தான் நடக்க வேண்டும். வழியில் உன் முகம் காட்டிக்கொடுத்துவிடப் போகிறது, ஜாக்கிரதை.

துர்துமாத்

*

அருமை மகள் சாய்ராவுக்கு மாமனின் ஆசிகள்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலிதான் என்னைப் படுக்கையில் போட்டுவிட்டது. ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போ. ஜூமகதிர் அழைத்து வருவார்.

இந்த வசந்தத்தில் பனி மோசம். மேலே இறுக்கம், அடியில் சர்க்கரை மாதிரி உதிர்கிறது. சிவப்புப் பசு ஈன்றிருக்கிறது, பெண் கன்று. எசென் நல்ல பிள்ளை. அவனைப்போல் வேலைக்காரன் கிடையாது என்று மேய்ப்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அவன் மேலே மலையில் இருப்பதால் நான் எழுதுகிறேன்.

வரும்போது அவன் வாங்கித் தந்த சிவப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வா, மகளே. நீ நூறாண்டு இருக்க வேண்டும்.

*

மாமாவுக்கு மருமகள் வணங்கி எழுதுவது.

கடிதம் கிடைத்தது. ஆலையில் லீவு கிடைக்க வெள்ளிக்கிழமை ஆகிவிடும். அதனால் இதை முன்னால் புறப்படும் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜூமகதிர் ஐயா வந்தார். "ஒண்ணுமில்லம்மா, வெறும் முழங்கால்தான்" என்று ஜன்னலைப் பார்த்தே பேசிவிட்டுப் போனார். டீயைக்கூடத் தொடவில்லை.

மாமா, நான் இங்கே வந்த நாளிலிருந்து உங்கள் கடிதம் ஒவ்வொன்றிலும் உங்கள் மகனுக்குத் திட்டு இருக்கும். சோம்பேறி, கழுதை, பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுத வக்கில்லாதவன். என்னோடு அறையில் இருக்கும் பெண்கள் சத்தமாக வாசிக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்த முறையும் சுற்றி உட்கார்ந்தார்கள். நல்ல பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

நான் எதையும் கேட்கவில்லை. ஜூமகதிர் ஐயாவிடமும் கேட்க மாட்டேன். முறைப்படி நீங்களே என் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். அதுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. சிவப்புத் துணி கட்டிக்கொண்டுதான் வருவேன். வந்த உடனேயே அதை அவிழ்க்க வேண்டாம் என்று பெண்களிடம் சொல்லிவையுங்கள்.

முதலில் நீங்கள் அவரை வாய்விட்டு ஒரு தடவை திட்டுங்கள், மாமா. நான் அவர் பெண்டாட்டியாக உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சாய்ரா