ஆம், இல்லை, எழவில்லை

மார்ச் 4

நர்ஸம்மா வந்து இன்றோடு பத்தொன்பது நாள். வாரம் மூன்று தடவை வந்துகொண்டிருந்தவள். என் வீட்டுக்காரியின் இடுப்புக்குக் கீழே சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்த புண், இப்போது உள்ளங்கை அளவு.

கடைசியாக வந்த அன்று சொன்னாள்: “என் லிஸ்ட்ல நாப்பத்தோரு பேர் ஐயா. உங்க வீடுதான் கடைசி. இனிமே எங்களை ஆபீஸ்லயே உக்காந்து கம்ப்யூட்டர்ல விவரம் ஏத்தச் சொல்லிட்டாங்க.” என்ன விவரம் என்று கேட்டேன். “நாங்க எத்தனை வீட்டுக்குப் போறோம்ங்கிற விவரம்தான்.”

கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்வேன், அவள் எழுதுவாள். எனக்கு எழுத்து வராது. போன வருஷம் அவளுக்குப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்ததும் அந்தக் கை போயிற்று. இப்போது கீழ்வீட்டுச் சுருக்கெழுத்துக்காரர் மாலை டீக்கு வந்து எழுதுகிறார். நான் சட்டசபையில் முப்பத்தோரு வருஷம் கதவு பிடித்தவன். அவர் அதே சபையில் பேச்சைக் குறிப்பெடுத்தவர். காதில் விழுந்ததைத்தான் எழுதுவார். திருத்தமாட்டார், யாரிடமும் சொல்லமாட்டார். அவள் கட்டிலிலிருந்து கத்தினால் ‘குறுக்கீடு’ என்று போட்டுவிடுகிறார்.

மார்ச் 6

பஞ்சும் சோப்பும் வாங்கினேன். கடைக்காரரைச் சீட்டை வாசிக்கச் சொன்னேன். கடைசி வரியில் முதியோர் நல மேல்வரி, நூற்றுக்கு ஒன்று.

அது பிறந்த நாள் எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. நிதியமைச்சர் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்து ஆட்டி ஆட்டிச் சொன்னார்: “கடைசி முதியவரின் கதவையும் ஒரு செவிலியர் தட்டும்வரை இந்த வரி இருக்கும்.” எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். பின்வரிசையில் ஒருவர் தூக்கத்திலிருந்து எழுந்து தட்டினார்.

வரி இருக்கிறது. தட்டுவதற்குத்தான் ஆளில்லை.

மார்ச் 9

எங்கள் தொகுதி உறுப்பினர் மூன்று மாடி ஏறி வந்தார். முதல் தடவை ஜெயித்த பெண். மூச்சு வாங்கியது.

“அலமாரி ஐயா வீடு இதுதானா?”

சபையில் எனக்கு அலமாரி என்று பெயர். படிக்கத் தெரியாது, ஆனால் உள்ளே எல்லாம் இருக்கும் என்பார்கள். பழைய மெம்பர் யாரோ இவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“யாரு, ஓட்டு கேக்கவா?” என்று கட்டிலிலிருந்து அவள் கேட்டாள். நாக்கு குழறினாலும் குத்தல் குழறுவதில்லை.

“இல்லம்மா, கேள்வி கேக்க” என்றார் உறுப்பினர். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பாதி முகத்தால் சிரித்தாள்.

நான் மேல்வரிக் கதையைத் தேதியோடு சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். “சரி ஐயா, என்னன்னு கேக்கட்டும்?”

அந்நேரம் பார்த்து போர்வை விலகியது. அந்த வாடை. அவர் முகத்தைத் திருப்பவில்லை, நல்ல பிள்ளை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

“நிறுத்திட்டாங்களான்னு கேளும்மா. நேரா கேளு. வீட்டு நர்ஸ் திட்டத்தை நிறுத்திட்டாங்களா இல்லையா? நிறுத்தினா ஏன் நிறுத்தினாங்க?”

அப்படியே எழுதிக்கொண்டார். சுருக்கெழுத்துக்காரர் இருமினார். பென்சிலைக் கீழே வைத்தார், எடுத்தார்.

மார்ச் 10

அவளுக்குக் காய்ச்சல்.

மார்ச் 13

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். நானும் கீழ்வீட்டுக்காரரும் இரண்டு டாக்சிக்காரர்களும். டாக்டர் பார்த்தார். படுக்கைப் புண்ணுக்கு இங்கே படுக்கை கிடையாதாம், வீட்டு நர்ஸ் திட்டத்தில் வருமாம். சீட்டு எழுதிக் கொடுத்தார். மறுபடி மூன்று மாடி.

மார்ச் 21

ரேடியோவில் கேள்வி நேரம். ஏழாவது கேள்வி எங்களுடையது. முதியோர் நல மேல்வரி வசூலிக்கப்படுகிறதா? வீட்டுச் செவிலியர் திட்டம் நிறுத்தப்பட்டதா? ஆம் எனில் காரணம் என்ன?

அமைச்சர் எழுந்தார். “ஆம். இல்லை. எழவில்லை.”

உட்கார்ந்துவிட்டார். உறுப்பினர் “ஐயா, ஐயா” என்று கூப்பிடுவது கேட்டது. அதற்குள் சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நிறுத்தப்பட்டதா என்றால், இல்லை. நிறுத்தவில்லையே! திட்டம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, நர்ஸ்களும் நாற்காலியில் இருக்கிறார்கள். இல்லை என்று ஆகிவிட்டால் காரணம் கேட்கிற கேள்வியே எழாது.

எனக்கா தெரியாது? கதவோரம் சிகரெட் பிடிக்க வரும் புது மெம்பர்களுக்கெல்லாம் நான்தானே சொல்வேன் — ஆமா இல்லேன்னு முடியற கேள்வி கேக்காதீங்க, எத்தனைன்னு கேளுங்க, எத்தனைக்கு அவங்க எண்ணைச் சொல்லியே ஆகணும். முப்பத்தோரு வருஷம் அடுத்தவனுக்குச் சொன்னேன். என் வீட்டுக்கு என்று வந்தபோது...

சுருக்கெழுத்துக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “அன்னிக்கு இருமினீங்களே, தெரிஞ்சுதானே இருமினீங்க?”

“தெரியும்.”

“வாயத் திறந்து சொன்னா என்னய்யா?”

“நாங்க எழுதுறவங்க, அலமாரி. நாப்பது வருஷமா நடுவுல பேசினதில்ல.” இதையும் எழுதிக்கொண்டிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதுகிறார். எழுதட்டும்.

மார்ச் 22

அவளிடம் சொன்னேன். ஒரே கூட்டத்தொடரில் அதே கேள்வியைத் திரும்பக் கேட்க முடியாது. அடுத்த தொடர் ஜூனில்.

“நீதான் கேக்கச் சொன்னியா?”

“நான்தான்.”

“கதவை மட்டும்தான் ஒழுங்கா பிடிச்சிருக்கே.” பிறகு இடது கையால் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். “ஜூன்ல சரியா கேளு.”

ஏப்ரல் 2

நானே கட்டுகிறேன். வெந்நீர், பஞ்சு, மருந்து, துணி. நர்ஸம்மா செய்ததெல்லாம் வரிசையாக நினைவிருக்கிறது, எந்தக் கையால் எதை எடுத்தாள் என்பதுகூட. நினைவு இருந்து என்ன? என் விரல் நடுங்குகிறது. அவள் தலையணையைக் கடித்துக்கொள்கிறாள். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். பார், இங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேன்.

ஏப்ரல் 17

காலை ஆறு இருபதுக்கு.

ஏப்ரல் 18

எழுத ஒன்றுமில்லை என்றேன். அதை எழுதிக்கொண்டு போனார்.

மே 11

கட்டிலை எடுத்துப் போகச் சொன்னேன். எடுத்த இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. அதைச் சுற்றித்தான் நடக்கிறேன்.

ஜூன் 3

உறுப்பினர் வந்தார். கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். “கேள்வியை எழுதினது என் கைதான் ஐயா. நான் யோசிச்சிருக்கணும்.”

“உக்காரும்மா. எழுது. இந்தப் பகுதியில போன வருஷம் மே மாசம் நர்ஸ்ங்க எத்தனை தடவை வீட்டுக்குப் போனாங்க? இந்த வருஷம் மே மாசம் எத்தனை தடவை? அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை சேக்காதே.”

சுருக்கெழுத்துக்காரர் பென்சிலை வைத்துவிட்டு, “ரெண்டையும் ஒரே கேள்வியில போடுங்க. பிரிச்சா ஒண்ணை விட்டுடுவாங்க” என்றார். நானும் உறுப்பினரும் அவரையே பார்த்தோம். பென்சிலை எடுத்துக்கொண்டார்.

ஜூன் 19

பார்வையாளர் மாடத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருஷம் நின்ற இடம் மேலிருந்து பார்க்கச் சின்னதாக இருந்தது.

அமைச்சர் படித்தார். போன வருஷம் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு தடவை. இந்த வருஷம் முப்பத்தெட்டு. சபை இரைந்தது. சபாநாயகர் மணி அடித்தார். அமைச்சர் தண்ணீர் குடித்தார். இனி வாரம் மூன்று முறை கண்டிப்பாகச் செல்வார்கள் என்றார். போதும், அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. “ஆனால் பட்டியலில் ஒருவர்கூடக் குறையவில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். அன்றும் நாற்பத்தொரு பேர், இன்றும் நாற்பத்தொரு பேர்.”

நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை.

“நாப்பது.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் மாடத்திலிருந்து சொன்னால் கீழே எங்கேயும் கேட்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

கதவுக்காரர் வந்தார். என்னிடம் வேலை பழகியவர். என் தோளில் கை வைத்தார். “வாங்கண்ணே. போலாம்ணே.” கதவை மெதுவாச் சாத்து, கீல் கிறீச்சிடும் என்றேன்.

ஜூன் 20

சுருக்கெழுத்துக்காரர் அவைக் குறிப்பை வாங்கிவந்து வாசித்தார். அமைச்சர் பேச்சு முழுக்க இருக்கிறது. அதன் கீழே, பார்வையாளர் மாடத்தில் குறுக்கீடு. அவ்வளவுதான்.

“நான் சொன்னது?”

“மாடத்துல பேசறது குறிப்புல ஏறாது.”

“நீங்க இந்த மாதிரி எத்தனை பேரைப் போட்டிருப்பீங்க?”

எண்ணவில்லை என்றார்.

ஜூன் 27

கதவைத் தட்டினார்கள். நர்ஸம்மா. பெட்டியோடு படியில் நின்றாள். அவளுக்கு விஷயம் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

“லிஸ்ட்ல இன்னும் பேர் இருக்கு ஐயா. வீட்டு ஆள் கைநாட்டு வெச்சாத்தான் எடுக்க முடியுமாம். நாளைக்குக் கூட வரேன்...”

“இன்னிக்கே வெச்சிடறேன்.”

தாளை நீட்டினாள். கடைசி வரி எது என்று கேட்டேன். விரலால் காட்டினாள். மையில் கட்டைவிரலைத் தோய்த்து, நடுங்காமல் பிடித்து, அந்த வரியில் வைத்தேன்.

இப்போது நாற்பது.