கோழி அடைக்கிற படகு

டிசம்பர் 7, சனி

எங்கள் படகு எபனேசர் இன்று நேராக ஓடவில்லை. காயல்கரையில் நின்றபடியே கண்டுபிடித்துவிட்டேன். வேகமெடுத்தால் பின்னால் வெள்ளை நுரை ஒரே கோடாகப் போகும். இன்று பாம்பு நெளிந்ததுபோல் கிடந்தது. என் மகன் பெனின் சுற்றிப்பார்க்க வந்த நாலு பேரை ஏற்றிக்கொண்டு, மீன்வலை கட்ட நட்டிருக்கும் குச்சிகளுக்குப் பக்கத்தில் திரும்பினான். இந்தப் பக்கம் ஒரு ஆட்டம், அந்தப் பக்கம் ஒரு ஆட்டம் — குச்சியில் மோதாமல் தப்பியது கர்த்தருடைய கிருபை. ஏறியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வேடிக்கை என்று நினைத்தார்களாம்.

கரைக்கு வந்ததும் கேட்டேன். “வீலு கொஞ்சம் லூசா இருக்கும்மா, ஒண்ணும் செய்யாது” என்றான். நெஞ்சுவலி வந்தபோது அவன் அப்பாவும் ஒன்றும் செய்யாது என்றுதான் சொன்னார். சாவியைப் பிடுங்கி முந்தியில் முடிந்துகொண்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோயிலுக்கும் சாவியோடுதான் போனேன். பெனின் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

டிசம்பர் 11, புதன்

பெனின் கொல்லத்திலிருந்து புது ஸ்டீயரிங் கேபிள் வாங்கிவந்து மாட்டினான். பழையது துருவேறி உள்ளுக்குள் தேய்ந்துதான் இருந்தது. நல்ல வேலைதான் செய்தான், குறை சொல்லக்கூடாது. நாலு விரல் அளவுக்குச் சும்மா ஆடிக்கொண்டிருந்த வீல் இப்போது ஆடவே இல்லை. ஆளேற்றாமல் ஓட்டிக் காட்டு என்று சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். மெதுவாகப் போகும்வரை தங்கம். வேகம் வைத்தான், மறுபடியும் பாம்பு.

திரும்பி வந்தவன் முகம் வெளுத்திருந்தது. “வீலு கெட்டியாட்டு கைக்குள்ளதான் இருக்கும்மா. படகுதான் பேச்சு கேக்கல்ல.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “சித்தப்பாவ கூப்பிடட்டா?”

வேண்டாம் என்றேன். “அப்பம் இப்படியே ஓட்டுவேன். கிறிஸ்துமஸ் லீவு கூட்டத்த விட்டா வருஷம் பூரா சும்மா இருக்கணும். சாவி இல்லாமலும் எஞ்சின் எடுக்கத் தெரியும் எனக்கு.”

ஓட்டிவிடுவான். என் வயிற்றில் பிறந்தவன்தானே.

டிசம்பர் 12, வியாழன்

சித்தப்பா என்று அவன் சொன்னது ஜாஸ்பரை. என் வீட்டுக்காரரின் கூடப்பிறந்த தம்பி. குளச்சல் முதல் தேங்காப்பட்டணம்வரை படகு எஞ்சின் என்றால் அவன்தான் என்பார்கள். சொல்லட்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இவர் இந்தப் படகைப் பழசாக எங்கள் கோயிலைச் சேர்ந்த ராஜகுமாரிடம் வாங்கி, ஊருக்கே சோறு போடும் அசனத்தன்று கோயில் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சிரிப்பை நான் எங்கள் கலியாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. ஜாஸ்பர் வந்து பார்த்தான். இதில் கோழி அடைக்கலாம் என்றான். ஊரே சிரித்தது. இவர் சிரிப்பு அத்தோடு போயிற்று.

அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு கிடையாது. இவர் அடக்கத்தன்றும் பேசவில்லை. நான் படித்தது மூணாங்கிளாஸ். ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது ஒரு எழுத்து குறையாமல் எனக்குள் இருக்கும்.

டிசம்பர் 14, சனி

பெனின் குழித்துறைக்குப் போன நேரம் பார்த்து, மருமகள் பிரீனா எனக்குத் தெரியாமல் போன் போட்டுவிட்டாள். ஜாஸ்பர் வந்து நின்றான். தலை பூராவும் நரைத்துப்போயிருக்கிறது. கரையேற்றி வைத்த படகைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.

“மக்களே பிரீனா, ஒரு ஆளு வீல அசையாம, அனங்காம புடிக்கணும். பின்பலகையில தொங்குத எஞ்சின நான் கைகொண்டு தள்ளுவேன். எது ஆடுதுன்னு அப்பம் தெரியும்.”

பிரீனா வயிற்றுப்பிள்ளைக்காரி, ஏணியில் ஏறவிட மாட்டேன். நானே ஏறி உட்கார்ந்தேன்.

“புடிச்சாச்சுன்னு சொல்லு” என்றேன்.

“மாமி புடிச்சாச்சாம்.”

“வீலு அனங்குதான்னு கேளு” என்றான் ஜாஸ்பர்.

“அனங்குதா மாமி?”

“இல்லன்னு சொல்லு.”

“ரெண்டுபேருக்கும் நல்லாட்டு காது கேக்கும். எனக்கு அடுப்புல பாலு கெடக்கு” என்று அவள் போய்விட்டாள்.

அவன் மறுபடியும் தள்ளினான். என் காலுக்குக் கீழே படகு நடுங்கியது. “மைனி, இப்பம் வீலு அனங்குதா?”

நான் சொல்லாவிட்டால் அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியாவிட்டால் நாளைக்கு இதில் ஏறப்போவது என் பிள்ளை. வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“அசனத்தன்னைக்கு என்ன சொன்ன ஜாஸ்பர்? நீ மறந்திருப்ப. நான் மறக்கல்ல. கைய பின்னால கெட்டிட்டு ஒரு சுத்து சுத்துன. பின்பலகையில விரல மடக்கி ரெண்டு தட்டு தட்டுன. காத வச்சு கேட்ட. அண்ணே, இதுக்க சத்தம் சரியில்ல, கோழி அடைக்கத்தான் கொள்ளும்னு —”

நிறுத்திவிட்டேன். சத்தம் சரியில்லை என்றானே. ஒன்பது வருஷம் கோழியை மட்டும்தானே பிடித்து வைத்திருந்தேன்?

இரண்டு பேரும் பின்பலகையைப் பார்த்தோம்.

“வீலு அனங்கல்ல” என்றேன்.

ஸ்பானர் பிடியால் பலகையை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தான். ஓரத்தில் டண் டண் என்றது. எஞ்சின் பூட்டியிருக்கும் இடத்தில் சொத்தென்று விழுந்தது. ஒரு போல்டைக் கழற்றினான். கறுத்த தண்ணீர் ஒழுகியது. அழுகிய மர வாடை.

“ஸ்டீயரிங் இல்ல மைனி. அன்னைக்கு கொஞ்சமாட்டு இருந்த அழுகல் இப்பம் பூரா பரவி, எஞ்சின தாங்குத பலகை உள்ளுக்குள்ள செத்துப்போச்சு. வேகம் வச்சா எஞ்சினும் பலகையும் சேந்து ஆடும். கூட ரெண்டு ஓட்டம் ஓட்டியிருந்தா எஞ்சின் பிய்ஞ்சு காயலுக்குள்ள போயிருக்கும்.”

“அன்னைக்கே நேராட்டு சொன்னா என்ன?”

“சொல்லுகதுக்குள்ள ஊரு சிரிச்சிட்டு. நீங்க மூஞ்சிய திருப்பிட்டிய.”

“திருப்பாம பின்ன?”

டிசம்பர் 15, ஞாயிறு

பெனினும் தட்டிப் பார்த்தான். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். சாவி கேட்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

பலகையை அறுத்துத் திறந்தார்கள். மரம் கைப்பிடி கைப்பிடியாக, நனைந்த அவலைப்போல் வந்தது. மேலே மட்டும் கெட்டியாக ஒரு தனிப் பூச்சு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகை விற்ற அன்று ராஜகுமார், “அக்கா, பின்பக்கம் தொட்டிராதிங்க, பெயின்ட் காயல்ல” என்றான். படகு முழுக்கப் பழசு, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் என்ன பெயின்ட்?

டிசம்பர் 20, வெள்ளி

புதுப் பலகை வைத்து ஃபைபர் ஒட்டியாயிற்று. பசை காயும்வரை சித்தப்பனும் மகனும் காவல். ஜாஸ்பர் பிரீனாவிடம் தண்ணீர் கேட்டான். பால் விடாமல் கட்டன்சாயா போட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சீனி பத்தாது என்றான். போட்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

ஓட்டிப் பார்த்தார்கள். கோடு.

டிசம்பர் 25, புதன்

ஆராதனை முடிந்து ஜாஸ்பர் குடும்பத்தோடு சாப்பிட வந்தான். கோழிக்குழம்புதான் வைத்தேன். “நல்ல துண்டா பாத்து போடுங்க மைனி” என்றான். “கோழியப்பத்தி ஊருக்கே சொன்ன ஆளுதானே, நீயே தேடி எடு” என்றேன். பிரீனா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். அவன் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலம் பெனின் ஆளேற்றிக்கொண்டு போனான். கரையில் நின்று பார்த்தேன். கை சும்மா முந்தியைத் தடவியது, முடிச்சு இல்லை. நுரை நூல் பிடித்ததுபோல் நேராகப் போயிற்று. இவர் உயிரோடிருந்து பார்க்கவேண்டியது.

காலையில் நடந்ததைக் கடைசிக்கு வைத்தேன். கோயில் வாசலில் ராஜகுமார் எதிரே வந்து, “ஹாப்பி கிறிஸ்துமஸ் அக்கா” என்று கை நீட்டினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏன் என்று அவனுக்கு விளங்கவில்லை. மெதுவாக விளங்கட்டும்.