பிரிக்காத டப்பா

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஜெயக்குமார் அண்ணனுக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தங்கை அகிலா எழுதுவது. ஏகாம்பரநாதர் தயவில் நீ மஸ்கட்டில் சுகமாக இருப்பாய், இங்கேயும் எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கச் சொன்னார். எழுதிவிட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

தம்பி லோகேஷுக்கு நீ கொடுத்தனுப்பிய புரோட்டீன் மாவு டப்பாவில் வெள்ளித்தாள் பிரிக்காமலே இருந்தது. அதைத்தான் நான் முதலில் பார்த்தேன். மாவைத் தொடாதவனுக்குத் தோள் மட்டும் எப்படி இப்படி ஏறுகிறது என்று அவன் பையைத் துழாவினேன். உடைத்த ஊசிமருந்துக் குப்பிகள் கிடைத்தன. ஜிம்முக்கு வரும் பிரேம்நாத் போட்டுவிடுகிறானாம். வெளியே சொன்னால் வாயைக் கிழித்துவிடுவேன் என்றான் லோகேஷ். பயந்து சொல்லாமல் இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தறியில் புடவைக்கரைக்கு நூல் நாடாவைத் தள்ள அப்பா அவனைக் கூப்பிட்டார். இன்னிக்கி ரெஸ்ட் டேப்பா, சதை ஆறணும் என்றான். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாப்பது வருசமா தறி மிதிச்சிக்கினு இருக்கிறேன், என் காலுக்கு எவன்டா ரெஸ்ட் டே உட்டான், இரும்பு தூக்குற தடியனுக்கு நாடா தள்ள முடியலியா என்றார். லோகேஷ் சுவரோரம் கிடந்த கட்டையை எடுத்து அடித்தான். முதல் அடியிலேயே அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தறிக்குழிக்குள் சாய்ந்தவரை முதுகிலும் அடித்தான். உனக்குப் போன் செய்யப் போனேன், அதைப் பிடுங்கிச் சுவரில் அடித்து உடைத்தான், என் தலையையும் அதே சுவரில் மோதினான். அப்புறம் தன் கையைத் தானே பார்த்து அழுதுகொண்டு ஓடிவிட்டான். அம்மா தாமலில் சித்தி வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது.

அந்த டப்பாதாம்மா அவன வெறி புடிக்க வெச்சிது, இனிமே அனுப்பாதன்னு எழுது என்கிறார் அப்பா. அது உண்மையில்லை அண்ணா. அப்பா கைக்குக் கட்டுப்போட்ட டாக்டரம்மாவிடம் குப்பியைக் காட்டினேன். மாவு சாப்பிட்டா சதை ஆறும், ஆள் இப்படி ஆக மாட்டாம்மா, இந்த ஊசி வெறி ஏத்தும் என்றார்கள். டப்பாவை மட்டும் நீ நிறுத்தினால் அடுத்த தடவை அப்பா பிழைக்க மாட்டார். உன் பேச்சைத்தான் அவன் கேட்பான். வந்து அவனை வைத்தியத்துக்கு அழைத்துப் போ. நேரில் இவ்வளவு பேச எனக்கு வாய் வராது.

வெயிலில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு, நீ நூறு வயசு நல்லா இருக்கணும் என்று அப்பா சொல்கிறார். இன்று மஸ்கட்டுக்குத் திரும்பும் சபாபதி மாமாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா கலியாணசுந்தரம் (இடது கையால் போட்டது)

அப்பா கையெழுத்துப் போட்டதும் லோகேஷ் வந்து கதவைத் தட்டினான். தொறடி அகிலா, ஒண்ணும் பண்ண மாட்டேன், அப்பாவப் பாக்கணும் என்றான். அப்புறம் உதைத்தான். தொறம்மா, புள்ள மூணு நாளா என்னா துன்னானோ என்றார் அப்பா. நான் அம்மிக்கல்லை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தேன்.