திருப்பிச் சொல்ல ஆளில்லாத கடிதம்

காலையில் சாம்பிள் பெட்டியைப் பிரித்ததும் புதுத்துணி வாசம் மூக்கில் ஏறியது. காட்டலாமென்று உங்கள் நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். நீங்கள் காலமாகி மூன்று மாதமாகிறது. என் கழுத்துக்கு மட்டும் அது இன்னும் தெரியவில்லை.

பெட்டியோடு முதலாளியின் ஆங்கிலக் குறிப்பு. ‘ஃபினிஷ்’ நன்றாக வந்திருக்கிறதாம். இந்த ஒரு சொல்லை, நம் துணி வாங்கும் டோக்கியோ கம்பெனிக்கு ஜப்பானியத்தில் எழுத நாம் பட்ட பாடு! வேலை முடிந்தது என்றால் ‘கன்ரியோ’, துணியின் தொடுசுகம் என்றால் ‘ஃபூஆய்’, ஓரம் மடித்துத் தைத்த நேர்த்தி என்றால் ‘ஷியாகே’.

நான் ஜப்பானியத்தில் எழுதுவேன். ஆங்கிலத்தைப் பார்க்காமலே நீங்கள் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வீர்கள். ஆங்கிலக் குறிப்பும் உங்கள் தமிழும் ஒத்துவந்தால்தான் அடியில் இருவர் பெயரையும் போட்டு அனுப்புவோம். ஒருமுறை நீங்கள் லீவில் இருந்தபோது அவசரப்பட்டு, உங்கள் பெயரையும் சேர்த்து நானே அனுப்பிவிட்டேன். துணி நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு வேலையே முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன். முடிந்த சரக்கைப் பார்க்க அந்த டோக்கியோ கம்பெனி அம்மா நேரில் வந்து நின்றார். பாதிச் சட்டைகளுக்குக் கையே தைக்கவில்லை.

முதலாளி கத்தியபோது, “நாந்தானுங்க சரி பாத்தேன். எம்பட தப்புங்க” என்றீர்கள். வெளியே வந்ததும் என்னிடம், “ஏனுங்க, நீங்க எழுதுனத நீங்களே படிச்சா எப்பவும் சரியாத்தானுங்க இருக்கும்” என்று சிரித்தீர்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையது என்று உங்களிடம் ஒத்துக்கொள்ளவில்லை, நன்றிகூடச் சொல்லவில்லை.

இந்த மூன்று மாதமும் உங்கள் பெயரைப் போட்டேதான் கடிதங்களை அனுப்பினேன். எடுக்க மனசு வரவில்லை. நேற்று அந்த அம்மா எழுதியிருந்தார். அடுத்த வாரம் திருப்பூர் வருகிறாராம், உங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். இனி எப்படி மறைப்பது?

இறந்துவிட்டார் என்பதற்கு ஜப்பானியத்தில் மரியாதையான சொற்கள் நாலைந்து உண்டு. ஒவ்வொன்றாக எழுதி, நானே வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே சரியாக இருந்தன. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்து மேசைக்காரர் ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கடைசியில் இருப்பதிலேயே எளிய சொல்லை வைத்து, முதல்முறையாக என் பெயரை மட்டும் போட்டு அனுப்பினேன். அன்றைய தப்பு உங்களுடையதல்ல, என்னுடையது என்றும் அதில் எழுதினேன். பிறகு எழுந்துபோய் முதலாளியிடமும் சொன்னேன். “இப்ப எதுக்குங்க அதெல்லாம்?” என்றார்.

உங்களிடம் சொல்லாமல் விட்டதை இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.